திருவனந்தபுரத்திலிருந்து ஒரே நாளில் போய்வர நல்ல பழைய அரண்மனையோ அருங்காட்சியகமோ உண்டா?

பத்மநாபபுரம் அரண்மனைதான், யோசிக்கவே வேண்டாம். தெற்கே சுமார் 55 கி.மீ. நாகர்கோவில் பஸ்ஸில் ஏறித் தக்கலையில் இறங்கினால், அங்கிருந்து ஆட்டோவில் சில நிமிடம். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், விடுமுறை.

1795 வரை திருவிதாங்கூரின் தலைநகர் இது. 1956-ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறையே பராமரித்து வருகிறது.

போன ஐப்பசியில் அம்மாவைக் கூட்டிப் போயிருந்தேன். வெளியே நல்ல மழை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதனால்தான் அந்தத் தரையின் அருமை தெரிந்தது. முகம் பார்க்கலாம் போலக் கருகருவென்று மின்னுகிறது. சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் கலந்து போட்டதாம். "நம்ம வீட்டுச் சிவப்புத் தரை பத்து வருஷத்துல வெளுத்துப்போச்சே" என்று அம்மா குனிந்து தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

அரண்மனை என்றதும் பெரிய பெரிய பளிங்குக் கூடங்களை எதிர்பார்க்காதீர்கள். எல்லாம் மரமும் ஓடும்தான். மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் ஒரு பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். வண்ண அபிரக (மைக்கா) தகடுகள் வழியாக வெளிச்சம் வரும், வெயில் வராது. இருப்பதிலேயே பழைய பகுதி தாய்க் கொட்டாரம், அதாவது தாய் அரண்மனை. அங்கே செதுக்கு வேலை நிறைந்த பலாமரத் தூண் ஒன்று இருக்கிறது, சுற்றிச் சுற்றிப் பாருங்கள். அம்மாவுக்குப் பிடித்தது ஊட்டுப்புரை. ஆயிரக்கணக்கான பேருக்குச் சோறு போட்ட கூடம் அது. அங்கே இருக்கும் ஊறுகாய்ப் பரணிகளை விட்டு அவரை நகர்த்தவே முடியவில்லை.

வளாகத்திலேயே அருங்காட்சியகமும் இருக்கிறது. அரண்மனையை நடந்து முடித்த களைப்பில் பலர் அதைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். கல்வெட்டு, சிற்பங்களில் ஆர்வம் இருந்தால் முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.

மதியம் சாப்பிட்டுவிட்டுப் பக்கத்தில் புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டைக்குப் போங்கள். 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனாய், பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்தவர். 1777-ல் இறந்தார். கோட்டைக்குள் இடிந்த தேவாலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. கல்லில் லத்தீனும் தமிழும் பொறித்திருப்பார்கள்.

அப்புறம், அப்படியே கன்னியாகுமரியையும் பார்த்துவிடலாம் என்று கிளம்பாதீர்கள். சூரியன் மறைவதற்குள் போய்ச்சேர வேண்டுமே என்ற அவசரத்தில் அரண்மனையை ஓட்டமும் நடையுமாகத்தான் பார்ப்பீர்கள். அதற்கு இன்னொரு நாள் வையுங்கள்.