பொடக்காளித் தோட்டம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பல்லடம் பக்கம் புது வீடு கட்டிக் குடிவந்து இரண்டு வருஷம் ஆகிறது. பின்னால் பொடக்காளி (கொல்லைப்புறம்) இரண்டு சென்ட் இருக்கிறது. பூ, காய், கீரை, மூலிகை எல்லாம் கலந்து வைக்க ஆசை. எங்கள் ஊரில் வீட்டுத்தோட்டக்காரர்கள் மாதம் ஒரு ஞாயிறு கூடுகிறார்கள். வருஷச் சந்தா 500 ரூபாய். சேரலாமா?

போன வருஷம் தை மாதம் தெரிந்தவர் கொடுத்த அவரை விதையை ஊன்றினேன். பந்தல் கொள்ளாமல் படர்ந்தது. ஆடி வரைக்கும் ஒரு பூ இல்லை, பிடுங்கிப் போட்டுவிட்டேன். இன்னொருவர் தந்த செம்பருத்திக் குச்சியோடு வெள்ளைப்பூச்சி வந்து கொய்யா வரை ஏறிவிட்டது. போர் தண்ணியும் உப்பு. எதுவும் தெரியாமல் அங்கே போய் நிற்கக் கூச்சமாக இருக்கிறது. கையில் இருப்பது மாமியார் வசம்புத் துண்டு போட்டு வைத்திருந்த அவரை விதை ஒரு டப்பா மட்டும்தான். அதுவும் மூன்று வருஷம் பழையது.

ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

சேருங்கள். சந்தா கட்டும் முன் ஒரு கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள். கவனிக்க வேண்டியது முக்கியமாக ஒன்றுதான்: விதை கைமாறும்போது உறை மேல் என்ன எழுதியிருக்கிறது? ‘அவரை’ என்று மட்டும் இருந்தால் போதாது. கொடியா செடியா, எந்த மாதம் ஊன்றியது, எந்த மாதம் காய்த்தது, எந்த ஊர் மண்ணில் விளைந்தது, எந்த வருஷம் எடுத்த விதை என்று எழுதிக் கொடுக்கிறவர்கள் இருந்தால், அந்தக் குழு உங்களுக்குப் பல வருஷத்துக்குப் பயன்படும்.

உங்கள் அவரை பூக்காமல் போனதும் இந்த ஒரு வரி இல்லாததால்தான். பந்தலில் ஏறும் நாட்டு அவரை பொழுதைப் பார்த்துப் பூக்கிற பயிர். பகல் சுருங்கி இரவு நீளும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான் பூவெடுக்கும். ஆடியில் ஊன்றினால் கொடி படர்ந்து முடிகிற நேரமும் பகல் சுருங்குகிற நேரமும் ஒத்துவரும். தையில் ஊன்றினால், பூக்கும் வயது வரும்போது பகல் நீண்டுகொண்டு போகும். கொடி இலையாகவே விட்டுக்கொண்டிருக்கும். உரமும் தண்ணீரும் கூட்டக் கூட்ட இலைதான் பெருகும். பிடுங்காமல் விட்டிருந்தால் ஐப்பசிக்கு மேல் காய்த்திருக்கும். செடியவரை ரகங்களுக்குப் பொதுவாக இந்தக் கட்டுப்பாடு கிடையாது. எந்தப் பட்டத்தில் போட்டாலும் இரண்டு மாதத்தை ஒட்டிக் காய்க்கத் தொடங்கும். விதையைக் கையில் வைத்துப் பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்வது கடினம். எழுதி வைத்தால்தான் உண்டு.

சுரை விதை வாங்கும்போது இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள். பக்கத்தில் வேறு சுரை இருந்ததா? நீளச்சுரையும் குடுவைச்சுரையும் அருகருகே இருந்தால் பூச்சிகள் மகரந்தத்தைக் கலந்துவிடும். அந்த வருஷம் காயில் வித்தியாசம் தெரியாது, அடுத்த வருஷம் அந்த விதையில் வரும் கொடியில்தான் தெரியும். விதைக்கு விடுகிறவர்கள் அன்று சாயங்காலம் விரியப்போகும் ஆண் மொட்டு ஒன்றையும் பெண் மொட்டு ஒன்றையும் மதியமே நூலால் கட்டிவைக்க வேண்டும். சுரைப்பூ பொழுது சாயும்போதுதான் விரியும். அப்போது ஆண் பூவின் இதழைக் கிள்ளிவிட்டுப் பெண் பூவின் நடுவில் தடவி, பெண் பூவை மறுபடி கட்டி, காம்பில் ஓர் அடையாளத் துணி முடிந்தால் போதும். கலப்பு விதையில் வந்த கொடி கசப்புக் காயும் காய்க்கலாம். சமைக்கும் முன் நுனியில் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் எறிந்துவிடுங்கள். கசக்கிற சுரைக்காய் விஷம், வேகவைத்தாலும் போகாது. வீட்டில் பெரியவர்கள் ‘சாறு உடம்புக்கு நல்லது’ என்று கேட்டால் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

குச்சியும் நாற்றும் வாங்குவதில்தான் குழுக்களில் அதிகத் தவறு நடக்கிறது. அன்பாகக் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் மற்றச் செடிகளுக்குப் பத்தடி தள்ளி இரண்டு வாரம் தனியாக வையுங்கள். இலையின் அடிப்பக்கம், கணு இடுக்கு, குருத்து மூன்றையும் இரண்டு நாளுக்கு ஒருமுறை பாருங்கள். பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதலில் தென்பட்டதே கோயம்புத்தூரில்தான், 2008ல். செம்பருத்தி, கொய்யா, மல்பெரி, மரவள்ளி எல்லாவற்றிலும் ஏறியது. 2010ல் அதை உண்டு அழிக்கும் சிறு ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. உங்கள் கொய்யாவில் இருப்பது அந்த மாவுப்பூச்சியாகவே இருக்கலாம். அடர்ந்து பிடித்த கிளைகளை வெட்டி மூட்டை கட்டி அப்புறப்படுத்துங்கள். மீதிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கூட 2 மில்லி சோப்புக் கரைசல் கலந்து, வெயில் இறங்கிய பின் வாரம் ஒருமுறை மூன்று வாரம் அடியுங்கள். கடும் விஷ மருந்து அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான். தண்டில் எறும்பு ஏறினால் அதையும் தடுங்கள். தேன்போல வழியும் கழிவுக்காக மாவுப்பூச்சியைக் காவல் காப்பது எறும்பு.

தக்காளி, கத்தரி நாற்றானால் ஒன்றை மெல்லப் பிடுங்கி வேரைப் பார்க்கச் சொல்லுங்கள். வேரிலேயே வீங்கிய முடிச்சு இருந்தால் நூற்புழு. அந்தத் தட்டில் இருக்கும் ஒரு நாற்றும் வேண்டாம். மண்ணில் ஒருமுறை இறங்கிவிட்டால் வருஷக்கணக்கில் போகாது.

முதல் கூட்டத்துக்கே ஒரு பாட்டில் போர் தண்ணீர் கொண்டு போங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் யாராவது வைத்திருப்பார்கள். 450 பிபிஎம்முக்குள் இருந்தால் கவலையில்லை. 2000ஐத் தாண்டினால் பீன்ஸ், கேரட், வெங்காயம் எல்லாம் திணறும். தக்காளியும் பீட்ரூட்டும் ஓரளவு தாங்கும். இடையில் இருந்தால் ஊற்றும் முறையில் சமாளிக்கலாம். தினமும் கொஞ்சம் தெளித்தால் தண்ணீர் ஆவியாகி உப்பு மேல்மண்ணிலேயே தங்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை வேர் கடந்து இறங்கும் அளவுக்கு ஊற்றி, மேலே காய்ந்த சருகை மூடாக்காகப் போடுங்கள். இலை மேல் படாமல் ஊற்றுங்கள். நாற்றுக்கு மட்டும் மழைத்தண்ணீர் பிடித்து வையுங்கள். குழுவில் சேர்ந்து பொள்ளாச்சித் தேங்காய்நார்க் கழிவுக் கட்டி வாங்குவார்கள், விலை குறையும். அதிலும் உப்பு இருக்கும் என்பதால் ஊறவைத்துப் பிழிந்து, இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிய பிறகே தொட்டிக்குப் போக வேண்டும். உப்புத் தண்ணீரும் கழுவாத நார்க் கழிவும் சேர்ந்தால் இலை ஓரம் கருகும். பலர் அதை நோய் என்று நினைத்து மருந்து அடிக்கிறார்கள்.

அடுத்தது காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆனி, ஆடிக் காற்று உங்கள் ஊரில் பிஞ்சுக் கொடியை முறித்துவிடும். மேற்கே மதில் எழுப்பினால் காற்று மேலேறிச் சுழன்று உள்ளே விழும். பாதிக் காற்றை உள்ளே விடும் உயிர்வேலிதான் நல்லது. காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காட்டை (மேய்ச்சல் நிலத்தை)ச் சுற்றி வேலியாக இருக்கிற கிளுவை மரத்தைக் கேளுங்கள். குழுவில் காடு வைத்திருப்பவர் ஒருவராவது இருப்பார். நான்கடிப் போத்து (கிளைத்துண்டு) வெட்டி, ஓரடி மண்ணுக்குள் இருக்கும்படி மழைக்கு முன் ஊன்றுங்கள். அது அடர்த்தியாகும் வரை மேற்குப் பக்கம் பச்சை நிழல்வலை கட்டினால் போதும்.

கூச்சப்பட ஒன்றுமில்லை. அந்த டப்பாவோடு போனால் அங்கே உங்களை வரவேற்க ஆள் இருக்கும். போகும் முன் பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து, காயாமல் பார்த்துக்கொண்டு ஐந்து நாள் வையுங்கள். ஏழு முளைத்தால் குழிக்கு இரண்டு விதை. மூன்று நான்குதான் முளைக்கிறது என்றால் குழிக்கு நான்கு. முளைத்ததை வீணாக்காமல் தொட்டியில் ஊன்றிவிடுங்கள். மீதியை மூன்று பங்காக்கி, ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு, இரண்டைக் குழுவில் வெவ்வேறு ஊரில் இருக்கும் இருவரிடம் கொடுங்கள். மூன்று வருஷ விதை இன்னும் இரண்டு வருஷம் தாங்கும் என்று நம்ப முடியாது. உங்கள் பந்தல் காற்றில் போனாலும் மற்ற இரண்டு பொடக்காளியில் ஒன்றில் அது காய்க்கும். கொடுக்கும்போது உறை மேல், மாமியார் எந்த ஊரில், எந்த மாதம் ஊன்றுவார், காய் பச்சையா சிவப்பு ஓரமா என்பதை வீட்டுக்காரரிடம் கேட்டு எழுதிவிடுங்கள். இந்த ஆடிக்கே ஊன்றலாம்.