ஆய்வுக்கு ஆசைப்படும் மகளும் அடமானத்துக்குப் போகும் தேயிலைத் தோட்டமும்

கோத்தகிரி அம்மாவுக்கு,

நீட்டில் தகுதி மதிப்பெண் வந்தும் இரண்டு வருடமாக இடம் கிடைக்கவில்லை என்ற வேதனை புரிகிறது. அது ஆறுவதற்குள் கோயம்புத்தூர் மாமா ஒரு டாக்டரின் ஆய்வுக் கட்டுரைப் பட்டியலை அனுப்பி, "அவசர சிகிச்சை, மூளை நரம்பியல்னு எவ்வளவு எழுதியிருக்கார் பாரு. தோட்டத்தை அடமானம் வச்சாவது பொண்ணை வெளிநாட்டுல எம்.பி.பி.எஸ். சேர்த்துடு" என்கிறாராம். வேண்டாம். தோட்டத்தில் கை வைக்காதீர்கள்.

அந்தப் பட்டியலை மகளையே படிக்கச் சொல்லுங்கள். மருத்துவக் கட்டுரைகளைத் தேடிப் பார்க்கும் பப்மெட் (PubMed) தளம் இலவசம். ஒரே நோயாளியைப் பற்றிய குறிப்பும், இதழுக்கு எழுதிய கடிதமும், பல ஆயிரம் பேரை வைத்து நடத்திய ஆய்வும் பட்டியலில் ஒவ்வொன்றும் ஒரு வரிதான். மருத்துவக் கட்டுரையில் முதல் பெயர் பெரும்பாலும் முன்நின்று எழுதியவருடையது. கடைசிப் பெயர் வழிநடத்தியவருடையது. எண்ணிக்கையை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம்.

வெளிநாட்டுப் படிப்புக்குக் குறைந்தது 54 மாதம், அங்கேயே 12 மாதப் பயிற்சி, திரும்பி வந்து தகுதித் தேர்வு, பிறகு இங்கே இன்னொரு 12 மாதம். மாமா காட்டும் ஆய்வு வாழ்க்கை பெரும்பாலும் முதுநிலைக்குப் பிறகுதான் தொடங்கும். அதுவரை வட்டி ஓடும்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். "இந்த மருந்து வேலை செய்யுதுன்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க?" என்றுதான் மகள் எப்போதும் கேட்பாளாம். அந்தக் கேள்விக்கு நம் ஊரில் யாரும் சொல்லாத ஒரு வழி உண்டு: பி.எஸ்சி. விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம். மூன்று ஆண்டுப் படிப்பு, ஓராண்டு பயிற்சி. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகப் பட்டம். சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான். விண்ணப்பிக்கும் ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டை மட்டும் ஒருமுறை சரிபாருங்கள்.

இதிலிருந்து மருத்துவ ஆய்வு ஒருங்கிணைப்பாளர் வேலைக்குப் போகலாம், அதாவது ஆய்வில் சேரும் நோயாளிகளின் விவரங்களைச் சரியாகப் பதிந்து தொடர்ந்து கவனிக்கும் வேலை. கிராஷ்-2 (CRASH-2) என்ற மருந்து ஆய்வைப் பாருங்கள்: 40 நாடுகள், 274 மருத்துவமனைகள், அடிபட்டு இரத்தப்போக்கோடு அல்லது அந்த ஆபத்தோடு வந்த 20,211 பேர். இரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் என்ற மருந்து உயிர் காக்கிறது என்று 2010இல் தெரிந்தது. அடுத்த ஆண்டு அதே தரவு இன்னொன்றையும் சொன்னது: அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன், தாமதித்தால் கெடுதலாகக்கூட முடியலாம். ஒவ்வொரு மருத்துவமனையிலும் அடிபட்ட நேரத்தை யாரோ எழுதி வைத்ததால்தான் இது தெரிந்தது. மலைப்பாதையில் மேட்டுப்பாளையம் இறங்கவே எவ்வளவு நேரம் போகும் என்று அறிந்த நமக்கு அந்த 3 மணி நேரத்தின் அருமை தெரியும்.

வேலை தவறுவதும் இங்கேதான். அடிபட்ட நேரத்துக்குப் பதில் மருத்துவமனைக்கு வந்த நேரத்தை எழுதிவிடுவார்கள். பக்கவாதத்தோடு விழித்தவருக்கு விழித்த நேரத்தைப் போடுவார்கள்; போட வேண்டியது கடைசியாக நன்றாக இருந்த நேரம், அதாவது பெரும்பாலும் படுக்கப் போன நேரம். நினைவு எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் கிளாஸ்கோ அளவில் மொத்தத்தை மட்டும் குறிப்பார்கள். கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6 வரை எனத் தனித்தனியாக வேண்டும், ஏனென்றால் தொண்டையில் குழாய் போட்டவரால் பேச முடியாது. பக்கவாத ஆய்வில் 90ஆம் நாள் தொலைபேசியில் கூப்பிட்டு, நடக்கிறாரா, தானே சாப்பிடுகிறாரா என்று கேட்டு 0 (எந்தக் குறையும் இல்லை) முதல் 6 (இறப்பு) வரை மதிப்பெண் இட வேண்டும். முதல் நாளே இரண்டு உறவினர் எண்களை வாங்காவிட்டால் அந்த நோயாளி கணக்கில் தொலைந்தார். பிறகு நினைவில் வைத்து நிரப்பும் படிவம் ஆய்வையே கெடுக்கும்.

படிக்கும்போதே நல்மருத்துவ ஆய்வு நெறிப் (Good Clinical Practice) பயிற்சியை இணையத்தில் முடிக்கட்டும். எக்செல் நன்றாக வரட்டும், அடிப்படைப் புள்ளியியலும் சேரட்டும்.

ஒன்றை மறைக்க மாட்டேன். இந்தப் பட்டம் அவளை டாக்டர் ஆக்காது. மருந்து எழுத முடியாது. தொடக்கச் சம்பளம் குறைவு. வேலை கோவை, வேலூர், சென்னை போன்ற பெரிய மருத்துவமனைகளில்தான் அதிகம். "டாக்டர் மாதிரிதான்" என்று எந்தக் கல்லூரியாவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: பல்கலைக்கழக இணைப்பு இந்த ஆண்டுக்கும் உண்டா? பயிற்சி ஆண்டு 24 மணி நேர அவசரப் பிரிவும் சி.டி. ஸ்கேனும் உள்ள சொந்த மருத்துவமனையிலா? அங்கே இப்போது எந்த ஆய்வு நடக்கிறது? மூன்றாவதற்கான பதிலை இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் (CTRI) மகளே தேடிச் சரிபார்க்கட்டும். மாமாவிடம் பேசுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், அவளையும் பக்கத்தில் உட்காரவைத்து.