தனிமையைக் காட்ட இன்னொரு ஆள் வேண்டும்

கேள்வி: இன்றைய வாழ்க்கையில் மனிதர்கள் ஒருவரைவிட்டு ஒருவர் விலகிப்போவதைப் பற்றி ஒரு புகைப்படத் தொடர் எடுத்துவருகிறேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பெண், கடற்கரையில் தனியாக நடக்கும் முதியவர், காலி பெஞ்ச் என்று எடுத்தேன். பார்த்தவர்கள் ‘அழகாக இருக்கிறது’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். என்னிடம் இருப்பது சாதாரண டிஎஸ்எல்ஆர், 18-55 லென்ஸ், ஒரு டிரைபாட். என்ன மாற்ற வேண்டும்?

பதில்: உங்கள் படங்களில் மனிதர் தனியாக இருக்கிறார், சரி. யாரிடமிருந்து விலகியிருக்கிறார் என்பது படத்தில் இல்லை. கடற்கரையில் நடக்கும் அந்த முதியவர் நிம்மதியாகக்கூட இருக்கலாம். காலையில் அரை மணி நேரம் இப்படி நடக்கக் கிடைக்காதா என்று ஏங்குகிறவர்கள் நிறையப் பேர். அதனால் பார்ப்பவர் அதை அழகான காட்சியாக எடுத்துக்கொள்கிறார். நீங்கள் காட்ட நினைப்பது, பக்கத்தில் ஆள் இருந்தும் தொடர்பு அறுந்துபோவதை. அப்படியென்றால் அந்தப் பக்கத்து ஆள் ஃப்ரேமுக்குள் வந்தாக வேண்டும். அவர் வராவிட்டால், அவர் இருக்க வேண்டிய இடமாவது தெரிய வேண்டும்.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எரிக் பிக்கர்ஸ்கில் 2015-இல் வெளியிட்ட ‘ரிமூவ்டு’ தொடரைத் தேடிப் பாருங்கள். நியூயார்க் மாநிலத்தின் ட்ராய் நகரில் ஒரு கஃபேயில் அவர் பார்த்த குடும்பம்தான் அதற்குத் தூண்டுதல். அப்பாவும் இரண்டு மகள்களும் போனில் மூழ்கியிருக்க, அம்மா மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாராம். பிக்கர்ஸ்கில் செய்தது எளிமையான வேலை. போன் பார்த்துக்கொண்டிருப்பவர்களை அப்படியே அசையாமல் இருக்கச் சொல்லி, கையிலிருந்த போனை மட்டும் எடுத்துவிட்டு, கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார். விரல்கள் எதையோ பிடித்தபடி வளைந்திருக்கின்றன, உள்ளே ஒன்றுமில்லை. கட்டைவிரல் அந்தரத்தில் நிற்கிறது. கண்கள் வெறும் உள்ளங்கையைப் பார்க்கின்றன. அவரும் அவர் மனைவியும் ஒரே கட்டிலில் முதுகைக் காட்டிப் படுத்திருக்கும் படமும் அதில் உண்டு. படத்தில் யாரும் அழவில்லை, முகம் வாடவில்லை. ஒரே ஒரு பொருளை எடுத்ததும் இருவருக்கும் நடுவே இருந்த இடைவெளி தெரிந்துவிடுகிறது. ஒரு கருத்தை முன்வைத்து எடுக்கும் கான்செப்சுவல் போட்டோகிராபியில் ‘கான்செப்ட்’ என்பது இவ்வளவுதான்: ஒரு தெளிவான முடிவு, அதைத் தொடர் முழுக்க மாற்றாமல் கடைப்பிடிப்பது.

அதையே நீங்களும் எடுக்காதீர்கள். உங்களுக்கென்று ஒரு முடிவு வேண்டும். ஓர் உதாரணம் சொல்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் மகனோடு வீடியோ காலில் பேசிக்கொண்டே இரவு சாப்பிடும் அம்மாக்கள் நம்மிடையே அநேகம். சாப்பாட்டு மேசையில் தண்ணீர்ச் சொம்பின் மேல் போனைச் சாய்த்து வையுங்கள். திரையில் மகன், அதற்குப் பின்னால் அவன் உட்கார்ந்து சாப்பிட்ட நாற்காலி காலியாக. அம்மா பார்ப்பது போனை, பார்க்கிறவர் கண் போவது நாற்காலிக்கு. இதே அமைப்பை ஐந்தாறு வீடுகளில், ஒரே கோணத்தில், ஒரே உயரத்தில் எடுத்தால் தொடர் ஆகிவிடும்.

இதில் சிக்கல் திரையின் வெளிச்சம். அறை மங்கலாக இருக்கும்போது மகன் முகம் வெள்ளையாக வெளிறிவிடும். போனின் வெளிச்சத்தை மூன்றில் ஒரு பங்குக்குக் குறைத்துவிட்டு, திரைக்கு ஏற்ப எக்ஸ்போஷர் (படத்தில் பதியும் ஒளியின் அளவு) வையுங்கள். பிறகு ஒரு விளக்கைச் சுவர் பக்கம் திருப்பி, அதன் பிரதிபலிப்பால் அறையின் வெளிச்சத்தைக் கூட்டுங்கள். திரையில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்தால் ஷட்டர் வேகத்தை (ஒளி உள்ளே வரும் நேரம்) 1/50 அல்லது 1/30 வினாடிக்கு இறக்கினால் பெரும்பாலும் போய்விடும். லென்ஸின் துளை அளவு எஃப்/5.6, ஒளியை உணரும் திறன் ஐஎஸ்ஓ 800 என்று தொடங்கலாம். டிரைபாட் கட்டாயம்.

ஒரே அறையில் இரண்டு பேரை வைத்து எடுப்பதாக இருந்தால் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் கிரெகரி க்ரூட்சனின் படங்கள் உதவும். 2003 முதல் 2008 வரை எடுத்த ‘பினீத் தி ரோசஸ்’ தொடருக்கு அவர் சினிமா போலவே விளக்குகளோடும் பெரிய குழுவோடும் வேலை செய்தார். அந்த வசதி நமக்கு வேண்டாம். அந்தி நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சூரியன் மறைந்து கால் மணி நேரம் கழித்து, வெளியே வானம் நீலமாகவும் வீட்டு விளக்கு மஞ்சளாகவும் ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சத்தில் இருக்கும். அப்போது லென்ஸை அகலமான காட்சி தரும் 18 மி.மீ.-இல் வைத்து, சற்றுத் தள்ளி நின்று, ஆட்கள் சிறியதாகத் தெரியும்படி எடுங்கள். இருவருக்கும் நடுவே கதவு நிலையோ சுவரின் விளிம்போ விழட்டும். இருவர் பார்வையும் சந்திக்கக் கூடாது. முகத்தைச் சோகமாக வைக்கச் சொல்லாதீர்கள். ஏதாவது ஒரு வேலையைக் கொடுங்கள், துணி மடிப்பது, மாத்திரை எண்ணுவது.

கூட்டத்துக்கு நடுவே தனித்து நிற்பவரை எடுக்க ஷட்டர் வேகம் அரை வினாடி போதும். அவர் மூச்சைப் பிடித்து நிற்க, சுற்றி நடப்பவர்கள் கோடுகளாக இழுபடுவார்கள். பத்து இருபது வினாடி என்று நீட்டினால் நடப்பவர்கள் கிட்டத்தட்ட மறைந்து, இடமே காலியாகிவிடும். அப்புறம் பழைய காலி பெஞ்ச் கதைதான்.

கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால் சோகம் கூடும் என்று எண்ண வேண்டாம். வண்ணத்தில் சொல்லாத படம் அதிலும் சொல்லாது.

கடைசியாக, சம்மதம். ஜெர்மன் புகைப்படக் கலைஞர் மைக்கேல் வுல்ஃப், டோக்கியோவின் நெரிசல் ரயில்களில் கண்ணாடியோடு நசுங்கி நிற்கும் முகங்களை எடுத்த ‘டோக்கியோ கம்ப்ரெஷன்’ வலிமையான தொடர். கேமராவைக் கண்டு கையால் முகத்தை மறைத்தவர்களும் அதில் இருக்கிறார்கள். அந்த வழியை நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். தனியாக வாழும் ஒருவர் வீட்டுக்குள் போகிறீர்கள் என்றால், எதற்காக எடுக்கிறீர்கள், எங்கே வைக்கப் போகிறீர்கள் என்பதை முன்பே சொல்லுங்கள். எடுத்ததைக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அவர் கண் முன்னாலேயே அழித்துவிடுங்கள். படம் கிடைத்துவிட்டது என்று மறுபடி அங்கே போகாமல் இருந்துவிடாதீர்கள். ஒரு பிரிண்ட் போட்டு எடுத்துப் போய்க் கொடுங்கள்.