லாக் ஃபைலை கிட்டில் சேர்க்காமல் விடாதீர்கள்

கேள்வி: நான்கு பேர் சேர்ந்து ஒரு நோட் ஜேஎஸ் ப்ராஜெக்ட் செய்கிறோம். என் லேப்டாப்பில் ஓடுவது சர்வரில் பில்ட் ஆவதில்லை, கோடில் ஒரு வரிகூட மாற்றவில்லை. ஒருவர் கோடை இன்னொருவர் கோடோடு மெர்ஜ் செய்யும்போதெல்லாம் சிக்கல் வருகிறது என்று லாக் ஃபைலை (எந்த லைப்ரரி எந்தப் பதிப்பு என்று பூட்டிவைக்கும் package-lock.json) கிட்டில் (Git, கோடின் மாற்றங்களைச் சேமிக்கும் கருவி) சேர்க்காமல் விட்டிருக்கிறோம். அதனால் இருக்குமா?

பதில்: பெரும்பாலும் அதனால்தான். தேவையான லைப்ரரிகளின் பட்டியலான பேக்கேஜ்.ஜேசனில் ஒரு லைப்ரரிக்கு ^1.4.2 என்று இருந்தால், 1.4.2-இல் தொடங்கி 2.0.0-க்குக் கீழே எந்தப் பதிப்பு வந்தாலும் சரி என்று நீங்களே அனுமதி கொடுத்திருக்கிறீர்கள். போன மாதம் உங்கள் லேப்டாப்புக்கு 1.4.2 வந்திருக்கும், இன்று சர்வர் 1.6.0-ஐ இறக்கியிருக்கும், அதற்குள்ளே இருக்கும் லைப்ரரிகளும் இதேபோல் ஆளுக்கொரு பதிப்புக்குப் போயிருக்கும். பதிப்பின் முதல் எண் மாறாதவரை பழைய கோடு உடையாது என்பது லைப்ரரியை எழுதியவர் தரும் வாக்கு மட்டுமே. அவர் தவறினால் தடுக்க யாரும் இல்லை.

லாக் ஃபைலை இன்றே கிட்டில் சேர்த்து கமிட் செய்யுங்கள். சர்வரில் லைப்ரரிகளை இறக்க என்பிஎம் (npm) கருவியின் 'என்பிஎம் இன்ஸ்டால்' கட்டளை வேண்டாம், 'என்பிஎம் சிஐ' (npm ci) போடுங்கள். அது லாக் ஃபைலில் உள்ளதை அப்படியே இறக்கும், பேக்கேஜ்.ஜேசனோடு ஒத்துப்போகவில்லை என்றால் பிழை காட்டி நின்றுவிடும். நோட் பதிப்பும் எல்லோரிடமும் ஒன்றாக இருக்கட்டும். மெர்ஜில் சிக்கல் வந்தால் லாக் ஃபைலைக் கையால் திருத்தாதீர்கள், பேக்கேஜ்.ஜேசனை மட்டும் சரிசெய்துவிட்டு 'என்பிஎம் இன்ஸ்டால்' ஓட்டினால் மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: அப்படிப் பூட்டிவிட்டால் அப்டேட்டே செய்ய வேண்டாம் அல்லவா?

பதில்: ஐயோ, அது இன்னும் ஆபத்து. 2021 டிசம்பரில் ஜாவா உலகின் லாக்4ஜே (Log4j, நிரலில் நடப்பதைப் பதிவுசெய்வது) லைப்ரரியில் பத்துக்குப் பத்து தீவிரம் கொண்ட ஓட்டை வெளியானபோது பலர் திணறியது எதில் தெரியுமா? வேறு லைப்ரரிகளின் வழியாக அது தங்கள் மென்பொருளுக்குள் எங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான். உங்களுக்கு 'என்பிஎம் எல்எஸ்' (npm ls) கட்டளை இருக்கிறது, லைப்ரரியின் பெயரைக் கொடுத்தால் யார் அழைத்துவந்தது என்று சொல்லும்.

அதற்காகப் புதிது வந்த அன்றே ஓடவும் வேண்டாம். 2018-இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் பேக்கேஜின் பொறுப்பை அதை எழுதியவர் முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒப்படைக்க, அந்த ஆள் கோபே என்ற பிட்காயின் வாலட்டைக் குறிவைத்துத் திருட்டுக் கோடைச் சேர்த்துவிட்டார். பாதுகாப்புத் திருத்தம் என்றால் உடனே போடுங்கள், மற்றவை சில நாள் காத்திருக்கலாம். வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, மாற்றக் குறிப்பைப் படித்து, ஒரு நேரத்தில் ஒரு லைப்ரரி, ஒரு கமிட், பிறகு டெஸ்ட் என்று போங்கள். உடைந்தால் எதனால் என்று தேடி அலைய வேண்டியதில்லை. பாதுகாப்பு ஓட்டைகளைத் தானே சரிசெய்யும் என்பிஎம்மின் 'ஆடிட் ஃபிக்ஸ்' கட்டளையோடு ஃபோர்ஸ் (--force) சேர்த்து ஓட்டாதீர்கள், பதிப்பின் முதல் எண்ணையே தாண்டிப்போய்விடும்.

கேள்வி: சின்ன வேலைக்கும் பேக்கேஜ் தேடலாமா?

பதில்: பத்து வரியில் முடியும் என்றால் நீங்களே எழுதுங்கள். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி பேக்கேஜை அதன் ஆசிரியர் நீக்கியபோது பேபல் (ஜாவாஸ்கிரிப்ட் கோடை மாற்றித் தரும் கருவி) உட்படப் பெரிய ப்ராஜெக்ட்களின் பில்டே நின்றது. ஆனால் கடவுச்சொல், குறியாக்கம் போன்றவற்றை மட்டும் சொந்தமாக எழுதாதீர்கள்.