எஸ்எஸ்எல் சான்றிதழுக்கு 280 வெள்ளி: கட்டத்தான் வேண்டுமா?

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் சுங்கை சிப்புட். அம்மா தீபாவளிக்குப் பலகாரம் செய்து விற்கிறார். முன்பெல்லாம் முறுக்கு, ஓமப்பொடி, நெய் உருண்டை எல்லாம் தோட்டத்து ஆட்களோடு முடிந்துவிடும். இப்போது கோலாலம்பூர், ஜொகூர் வரை போவதால் வேர்ட்பிரஸில் ஒரு தளம் போட்டுக் கொடுத்தேன். டொமைன் (தளத்தின் பெயர்) ஒரு கம்பெனியில் வாங்கியது, ஷேர்டு ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் சர்வர் இடம்) வேறொரு கம்பெனி. ஹோஸ்டிங்கைப் போன வருடம்தான் இங்கே மாற்றினேன். போனில் திறந்தால் மேலே ‘நாட் செக்யூர்’ என்று வருகிறது. சிலர் பயந்துபோய் ஆர்டர் பாரத்தை நிரப்பாமலே விட்டுவிடுகிறார்கள். ஹோஸ்டிங் கம்பெனியில் கேட்டால் சான்றிதழுக்கு ஆண்டுக்கு 280 வெள்ளி, பொருத்திக் கொடுக்கத் தனியாக 80 வெள்ளி என்கிறார்கள். கட்டத்தான் வேண்டுமா?
வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: இப்போதைக்குக் கட்ட வேண்டாம் தம்பி. உங்கள் ஹோஸ்டிங்கில் சிபேனல் (ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பக்கம்) இருந்தால் இலவசச் சான்றிதழ் பெரும்பாலும் அந்தப் பேக்கேஜிலேயே இருக்கும். அது வந்து உட்காராமல் இருப்பதற்குக் காரணம் அநேகமாக டொமைன் பெயர் எங்கே காட்டுகிறது என்பதில்தான் இருக்கும், ஹோஸ்டிங்கை மாற்றியவர் என்பதால் எனக்கு அந்தச் சந்தேகம் இன்னும் கூடுகிறது.

முதலில் அந்த எச்சரிக்கை. தளத்தில் வைரஸ் இருக்கிறது என்று அர்த்தமில்லை. வாடிக்கையாளரின் போனுக்கும் சர்வருக்கும் நடுவே போகும் தகவல் மூடப்படாமல் போகிறது, அவ்வளவுதான். அதை மூடத்தான் எஸ்எஸ்எல் சான்றிதழ். ஆனால் உங்கள் ஆர்டர் பாரத்தில் பெயர், போன் நம்பர், வீட்டு முகவரி மூன்றும் இருக்குமே. மாமாக் கடை வைஃபையில் உட்கார்ந்து ஒருவர் அதை நிரப்பினால் அதே வைஃபையில் இருக்கும் விவரம் தெரிந்த ஆள் படித்துவிட முடியும். அதனால்தான் 2018 ஜூலையில் வந்த குரோம் 68 முதல் எச்டிடிபிஎஸ் (தகவலை மூடி அனுப்பும் இணைப்பு) இல்லாத எல்லாத் தளத்துக்கும் இந்த முத்திரை விழுகிறது. பயந்தவர்கள் பயந்தது சரிதான்.

‘இதற்குத் தனி ஐபி (சர்வரின் எண் முகவரி) வேண்டும்’ என்று யாராவது சொன்னால் அது பழைய கதை. ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரே ஐபியில் நூற்றுக்கணக்கான தளங்கள் இருக்கும். தோட்டத்து ஆபீசுக்கு மொத்தமாக வரும் கடிதங்களைக் கிராணி உறைமேல் பெயரைப் பார்த்துத்தானே பிரித்துக் கொடுப்பார், இங்கே முன்பு பிரவுசரின் கோரிக்கை உறைமேல் பெயரே இல்லாமல் வந்தது, உறையைப் பிரிக்கவோ முதலில் சான்றிதழ் தேவை. எனவே எந்தத் தளத்தின் சான்றிதழைக் காட்டுவது என்று சர்வருக்குத் தெரியாது, ஆளுக்கொரு ஐபி வாங்க வேண்டியிருந்தது. எஸ்என்ஐ என்ற ஏற்பாடு வந்தபின் பிரவுசர் தளத்தின் பெயரை முதலிலேயே வெளியே சொல்லிவிடுகிறது. விண்டோஸ் எக்ஸ்பி-யின் இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு இது தெரியாது என்பதால் பல வருடம் இழுத்தது. 2015 கடைசியில் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு எல்லோருக்கும் இலவசமாகச் சான்றிதழ் கொடுக்க ஆரம்பித்தது, அடுத்த வருடமே சிபேனலும் ஆட்டோஎஸ்எஸ்எல் என்ற பெயரில் தானாகச் சான்றிதழ் போடும் வசதியைக் கொண்டுவந்தது.

சரி, வேலைக்கு வருவோம். சிபேனலில் ‘எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் ஸ்டேட்டஸ்’ என்ற பக்கத்தைத் திறங்கள். உங்கள் டொமைன், அதன் முன்னால் மூன்று டபிள்யூ சேர்த்த பெயர், மெயில் என்று தொடங்கும் பெயர், எல்லாம் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பூட்டுப் படம். சிவப்பாக இருந்தால் கீழே சின்ன எழுத்தில் காரணம் எழுதியிருக்கும், பலரும் அதைப் படிக்காமலே சப்போர்ட்டுக்குப் போன் போடுகிறார்கள். ‘ரன் ஆட்டோஎஸ்எஸ்எல்’ பொத்தானை அழுத்திக் கொஞ்ச நேரம் காத்திருங்கள். பச்சையானால் பாதி வேலை முடிந்தது.

ஆகவில்லை என்றால் டொமைன் வாங்கிய கம்பெனியின் தளத்துக்குள் போய் டிஎன்எஸ் பதிவுகளை (டொமைன் பெயர் எந்தச் சர்வரைக் காட்டுகிறது என்ற குறிப்புகளை) பாருங்கள். சான்றிதழ் கொடுப்பவர் அந்தப் பெயர் உண்மையிலேயே உங்கள் கையில் இருக்கிறதா என்று பார்க்க, வழக்கமாக அந்தப் பெயர் காட்டும் சர்வரில் ஒரு சின்ன ஃபைல் இருக்கிறதா என்று தேடுவார். பெயர் வேறு சர்வரைக் காட்டினால் ஃபைல் கிடைக்காது, சான்றிதழும் கிடைக்காது. ‘ஏ’ பதிவில் உள்ள எண்ணும் சிபேனலின் ஓரத்தில் காட்டும் ஐபி எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். உங்கள் தளம் திறக்கிறது என்பதால் அது சரியாகவே இருக்கலாம். அதற்குக் கீழே நான்கு ‘ஏ’ போட்ட ஒரு பதிவு இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள், அது ஐபிவி6, அதாவது புதுவகை ஐபி முகவரி. ஹோஸ்டிங்கை மாற்றும்போது பலர் முதல் பதிவை மாற்றிவிட்டு இதை அப்படியே விட்டுவிடுவார்கள். நமக்குத் தளம் ஒழுங்காகத் திறக்கும், சோதிக்க வருபவரோ ஐபிவி6 வழியாகப் பழைய சர்வருக்குப் போய் வெறுங்கையோடு திரும்புவார். புது ஹோஸ்டிங்கில் ஐபிவி6 இல்லையென்றால் அந்தப் பதிவை அழித்துவிடுங்கள். அப்புறம் மாற்றம் பரவச் சில மணி நேரம் கொடுத்துவிட்டு ஆட்டோஎஸ்எஸ்எல்லை மறுபடி ஓட்டுங்கள்.

பூட்டு பச்சையானதும் முகவரியின் முன்னால் நீங்களே எச்டிடிபிஎஸ் என்று அடித்துத் திறந்து பாருங்கள். திறந்தால் வேர்ட்பிரஸில் ‘சைட் ஹெல்த்’ பக்கத்துக்குப் போங்கள். 2021-இல் வந்த 5.7 பதிப்பிலிருந்து தளத்தை எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற்ற அங்கேயே ஒரு பொத்தான் உண்டு. அதன் பிறகும் முறுக்குப் படம் ஏதாவது வராமல் போனாலோ எச்சரிக்கை போகாமல் இருந்தாலோ, அந்தப் பக்கத்தில் எங்கோ பழைய எச்டிடிபி முகவரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் தீமின் (தளத்தின் தோற்ற அமைப்பின்) பேனர் படமாக இருக்கும். பேக்கப் எடுத்துவிட்டு ‘பெட்டர் சர்ச் ரிப்ளேஸ்’ பிளகினை (வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணை மென்பொருளை) வைத்து மாற்றிவிடலாம்.

எல்லாம் சரியான பிறகு, கடைசியாகத்தான், சிபேனலின் ‘டொமைன்ஸ்’ பக்கத்தில் ‘ஃபோர்ஸ் எச்டிடிபிஎஸ்’ சுவிட்சைப் போடுங்கள். சான்றிதழ் வருமுன் அதைப் போட்டால் வாடிக்கையாளருக்குத் திரை முழுக்கச் சிவப்பு எச்சரிக்கை வரும், இப்போது வருவதைவிட அது மோசம். வாடிக்கையாளருக்கும் சர்வருக்கும் இடையில் நிற்கும் கிளவுட்ஃபிளேர் சேவையை வைத்திருந்தால் அதன் எஸ்எஸ்எல் அமைப்பு ‘ஃபிளெக்ஸிபிள்’ என்று இருக்கக் கூடாது, இருந்தால் தளம் தன்னையே சுற்றிச் சுற்றித் திறக்காமல் நின்றுவிடும். ‘ஃபுல் ஸ்ட்ரிக்ட்’ என்று வையுங்கள்.

அந்த ஸ்டேட்டஸ் பக்கமே சிபேனலில் இல்லை என்றால் கம்பெனி வேண்டுமென்றே அணைத்து வைத்திருக்கலாம், காசு கொடுத்து வாங்க வைக்கத்தான், வேறு என்ன. ‘என் பேக்கேஜில் ஆட்டோஎஸ்எஸ்எல் உண்டா, இல்லையா’ என்று எழுத்தில் கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் ஹோஸ்டிங்கை மாற்றிவிடுங்கள், ஆனால் தீபாவளி ஆர்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது தொட வேண்டாம்.

கேள்வி: காசு கொடுத்து வாங்கும் சான்றிதழ்தானே அதிகப் பாதுகாப்பு? நாங்கள் எஃப்பிஎக்ஸ் (இணைய வங்கி வழிக் கட்டணம்) வழியாகப் பணம் வாங்குகிறோம்.
வாசகி, பீடோர்

பதில்: பூட்டின் பலம் இரண்டிலும் ஒன்றுதான் அம்மா. விலை கூடிய சான்றிதழில் உங்கள் நிறுவனத்தின் பதிவுப் பத்திரங்களையும் சரிபார்ப்பார்கள். முன்பு அதற்குப் பலனாக முகவரிப் பட்டையில் கம்பெனி பெயர் தெரியும், 2019-இல் குரோமும் ஃபயர்பாக்ஸும் அதை எடுத்துவிட்டன. எஃப்பிஎக்ஸில் பணம் கட்டும்போது வாடிக்கையாளர் வங்கியின் பக்கத்துக்கே போய்விடுகிறார், அங்கே வங்கியின் சான்றிதழ்தான் வேலை செய்கிறது. இன்னொன்று: 2026 மார்ச் 15 முதல் புதிய சான்றிதழ் எதுவும் 200 நாளுக்கு மேல் செல்லாது, 2029 மார்ச்சில் அது 47 நாளாகக் குறையும். ஆண்டுச் சந்தா கட்டினாலும் நடுவில் மாற்றிப் பொருத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் பொருத்தும் கூலி வேறு கேட்பார்களே! தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் இலவசச் சான்றிதழே உங்களுக்கு நல்லது.

கேள்வி: பூட்டு வந்துவிட்டால் தளத்தை யாரும் ஹேக் பண்ண முடியாதுதானே?
வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: முடியும். அது போகிற வழியைத்தான் மூடும், தளத்தை அல்ல. மோசடித் தளங்கள்கூட இதே இலவசச் சான்றிதழை வாங்கி வைத்திருக்கின்றன. வேர்ட்பிரஸையும் பிளகின்களையும் அப்டேட் செய்யுங்கள், பயன்படுத்தாத பிளகினை அழியுங்கள், அட்மின் பாஸ்வேர்டு உங்கள் போன் நம்பராக இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள்.