சினிமாவையும் கிரிக்கெட்டையும் அலசும் அளவுக்குத் தொழிற்சாலைகளை நாம் ஏன் அலசுவதில்லை?

முக்கியக் காரணம், தீர்ப்பு சொல்ல எடுக்கும் நேரம். புதுப்படம் வந்தால் சேலத்தில் முதல் காட்சி இடைவேளையிலேயே 'படம் தேறாது' என்று சொல்லிவிடுவார்கள். கிரிக்கெட்டில் பந்துக்குப் பந்து தீர்ப்புதான். நம்ம சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி வேகப்பந்து வீச்சாளர் நடராஜனையே எடுத்துக்கொள்ளுங்கள். 2015-ல் பந்துவீசும் முறை சரியில்லை என்று புகார் வந்து, வீசும் முறையை மாற்றிப் பழக வேண்டியிருந்தது. 2017 ஐபிஎல் ஏலத்தில் 3 கோடிக்குப் போனதும், 'இவருக்கு இவ்வளவா?' என்ற பேச்சு. ஆஸ்திரேலியாவில் ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமாகி 2021 ஜனவரியில் ஊர் திரும்பியபோது சாரட் வண்டியில் ஊர்வலம்!

சேலம் உருக்காலைக்கு அப்படி ஸ்கோர்போர்டு இல்லை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இருக்கிறது, யாரும் பார்ப்பதில்லை. ஆலை, மத்திய அரசின் உருக்கு நிறுவனமான 'செயில்' (SAIL) நிறுவனத்தின் ஒரு பிரிவு. செயில் பங்குச்சந்தையில் இருப்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு வெளியிட்டாக வேண்டும். அதில் சேலம் ஆலையின் வரவும் லாப நட்டமும் தனி வரியாகவே வரும். அரசு நிறுவனம் என்பதால் சிஏஜி (அரசுக் கணக்குகளைச் சரிபார்க்கும் தலைமைத் தணிக்கையாளர்) தணிக்கை உண்டு, தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வியும் கேட்கலாம். தனியார் ஆலையிடம் அப்படி நேரடியாகக் கேட்க முடியாது.

2019-ல் ஆலையை விற்க மத்திய அரசு விண்ணப்பம் கோரியபோது தொழிலாளர்கள் போராடினார்கள். ஊரே அப்போதுதான் அந்தக் கணக்கைப் பற்றிப் பேசியது. என்னைக் கேட்டால், ரொம்பத் தாமதம். படத்தைப் பிடிக்காவிட்டால் டிக்கெட் காசோடு போச்சு, ஆலை படுத்தால் ஊரில் பலருக்குச் சம்பளமே போகும்.