கோல்கீப்பரின் மூளை வேறா?

கேள்வி: என் மகன் பள்ளிக் கால்பந்து அணியில் கோல்கீப்பர். நிற்கும் இடத்தைப் பொறுத்து ஆட்டக்காரரின் மூளை வேலை செய்யும் விதம் மாறுமா?

பதில்: வித்தியாசம் இருக்கிறது. 2023-ல் டப்ளின் நகரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை இது: திரையில் ஒளி ஒருமுறை மின்னும்போது இரண்டு 'பீப்' ஒலித்தால், இருமுறை மின்னியதாகவே பலருக்கும் தோன்றும். தொழில்முறை கோல்கீப்பர்கள் மற்ற ஆட்டக்காரர்களைவிடக் குறைவாகவே ஏமாந்தார்கள். கண்ணும் காதும் சொல்வதைத் தனித்தனியே பிரித்தறிந்தார்கள். பிறவித் திறனா, பயிற்சியா என்பதை அந்த ஆய்வு தீர்க்கவில்லை.

பயிற்சியும் நிற்கும் இடத்துக்கு ஏற்ப மாறும். மிட்ஃபீல்டருக்கு (நடுக்களத்தில் ஆடுபவருக்கு), பந்து வருமுன் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்ப்பதுதான் பாடம். உங்கள் மகனுக்கு, அவன் பார்வையை மறைக்கும்படி முன்னால் இரண்டு பேரை நிற்கவைத்து, வேறொருவரை 12 மீட்டரிலிருந்து பந்தை அடிக்கச் சொல்லுங்கள். எட்டுப் பந்துக்கு ஓர் இடைவேளை அவசியம். களைத்துவிட்டால் பந்தைப் பார்க்காமல் ஊகித்தே பாய்வான், அதுவே பழக்கமாகிவிடும்.